கல்தூணைச் சுற்றி ஓடும் தண்ணீர்: சிமுலேஷன் மக்கர் செய்தால் எங்கே பார்ப்பது

திருநெல்வேலிக்காரர்களுக்குக் குறுக்குத்துறையைச் சொல்லித் தர வேண்டியதில்லை. முருகன் கோயில் ஆற்றுக்குள்ளேயே இருக்கிறது, தாமிரபரணியில் பெருவெள்ளம் வந்தால் முழுகும், வடிந்ததும் சேற்றை வாரிவிட்டுப் பூஜை தொடரும், தண்ணீர் வந்து மோதுகிற பக்கத்தைப் படகின் மூக்கு மாதிரிக் கூராகக் கட்டி வைத்திருக்கிறார்கள். அதைப் பார்த்துவிட்டு "அண்ணாச்சி, இதை சிமுலேட் பண்ணிப் பாத்தா என்ன?" என்று வருஷத்துக்கு ஒருவராவது புராஜெக்ட் தலைப்போடு வந்து நிற்பார். பண்ணலாம். ஆனால் முதல் நாளே மதில், மண்டபம், படித்துறை எல்லாவற்றையும் வரைந்து முப்பது லட்சம் செல்லுக்கு மெஷ் போட்டால் (தண்ணீர் இருக்கும் இடத்தைச் சின்னச் சின்னக் கட்டங்களாக வெட்டுவது மெஷ், ஒவ்வொரு கட்டமும் ஒரு செல்), உடையும்போது எது உடைந்தது என்றே தெரியாது.

அதனால் வருகிறவர்களை முதலில் ஒரே ஒரு கல்தூணில் உட்கார வைத்துவிடுவேன். 30 சென்டிமீட்டர் சதுரத் தூண், இடுப்பளவு தண்ணீர், ஓட்டம் நொடிக்கு 0.4 மீட்டர். நம்ம ஊர் வெயிலில் தண்ணீரின் கைனமாட்டிக் பிசுக்குமை சுமார் 0.0000008 சதுர மீட்டர்/நொடி, ஆக ரெனால்ட்ஸ் எண் (வேகம் பெருக்கல் அகலம், வகுத்தல் பிசுக்குமை) 1,50,000. கொந்தளிப்பு உண்டு, ஆனால் வீட்டு டெஸ்க்டாப் தாங்கும். மென்பொருள் ஓப்பன்ஃபோம் என்ற இலவச ஓட்டக் கணிப்பு மென்பொருள் என்றே வைத்துக்கொள்கிறேன். வேறு சால்வர் (ஓட்டச் சமன்பாடுகளைத் தீர்க்கும் நிரல்) வைத்திருந்தாலும் நோய்கள் இவையேதான்.

எந்த அறிகுறியாக இருந்தாலும் முதல் வேலை ஒன்றுதான். லாக் ஃபைலைத் திறந்து கடைசி வரியைப் பார்க்காமல், கெட்டுப்போக ஆரம்பித்த இடம் வரை மேலே ஏறிப் பாருங்கள், அப்புறம் அந்த நேரத்து வேகப் படத்தைத் திறங்கள். இந்த இரண்டையும் பார்க்காமல் ரிலாக்சேஷனைக் குறைப்பது (ஒவ்வொரு சுற்றிலும் விடையை எவ்வளவு மாற்ற விடுவது என்ற அளவு), ஸ்கீமை மாற்றுவது (செல்லுக்குச் செல் மதிப்பை எடுத்துப் போகும் சூத்திரம்) எல்லாம் எந்தப் பல் வலிக்கிறது என்று கேட்காமலேயே பிடுங்குகிற வேலை.

ஆரம்பித்த கொஞ்ச நேரத்தில் ஃப்ளோட்டிங் பாயின்ட் பிழை (எண் கட்டுக்கடங்காமல் போய்விட்டது) என்று செத்துவிடுகிறது

போன வருஷம் ஒரு தம்பி லேப்டாப்போடு வந்தார். "நேத்து ராத்திரி நல்லாத்தான் ஓடுச்சு, காலைல பாத்தா செத்துக் கெடக்கு." லாக்கைப் பார்த்தால் கூரான்ட் எண் சராசரி 0.05. அதைக் காட்டி "சின்னதாத்தானே இருக்கு" என்கிறார். பக்கத்திலேயே அதிகபட்சம் என்று ஒரு எண் இருக்கிறது, அது 40. சராசரியில் மறைந்துகொள்வதுதான் இந்த நோயின் குணமே, லட்சம் செல் ஒழுங்காக இருக்கும், ஒன்றே ஒன்று குடியைக் கெடுக்கும்.

கூரான்ட், ஃப்ரீட்ரிக்ஸ், லெவி மூவரும் 1928இல், கம்ப்யூட்டரே இல்லாத காலத்தில் எழுதியதுதான் இந்தக் கணக்கு: ஒரு டைம் ஸ்டெப்பில், அதாவது சால்வர் ஒரே தாவலில் கடக்கும் நேரத்தில், தண்ணீர் எத்தனை செல்லைத் தாண்டுகிறது. அடுத்த ஸ்டெப்பைப் பழைய மதிப்புகளிலிருந்தே நேராகப் போடும் எக்ஸ்ப்ளிசிட் முறையில் 1ஐத் தாண்டினால் வெடிக்கும். பிசோ மாதிரி, புது மதிப்புகளைச் சமன்பாடாகச் சேர்த்துத் தீர்க்கும் இம்ப்ளிசிட் முறைகள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளும், ஆனால் நேரத்தோடு மாறுகிற ஓட்டத்தில் 1க்குக் கீழே வைப்பதுதான் நல்லது. தூண் பக்கத்தில் 1 சென்டிமீட்டர் செல், அங்கே வேகம் 0.6 என்றால் 0.01 நொடி போதும் என்று எல்லாரும் கணக்குப் போடுகிறார்கள். சுவரை (இங்கே தூணின் மேற்பரப்புதான் சுவர்) ஒட்டி 2.4 மில்லிமீட்டர் அடுக்கு போட்டிருக்கிறீர்களே, தூணின் முனையில் தண்ணீர் அந்த அடுக்கைக் குறுக்கே தாண்டித்தான் போகும். அங்கே இதே ஸ்டெப்புக்கு எண் 2 தாண்டிவிடும். 0.004 நொடியில் ஆரம்பியுங்கள்.

ஆனால் 40 வந்தது டைம் ஸ்டெப்பால் அல்ல. கடைசி சில ஸ்டெப்களை ஒவ்வொன்றாக எழுதச் சொல்லி மறுபடி ஓட்டி, விடையைப் படமாகக் காட்டும் பாராவியூ மென்பொருளில் வேகம் 3க்கு மேல் இருக்கும் செல்லை மட்டும் த்ரெஷோல்ட் போட்டு வடிகட்டிப் பார்த்தோம். திரை முழுக்கக் காலி, தூணும் ஆற்றுப் படுகையும் சேரும் மூலையில் மட்டும் ஒரு சிவப்புப் புள்ளி. பெரிதாக்கினால் அப்பளத்தை இரண்டாக மடித்த மாதிரி ஒரு செல். அடுக்கு போடும்போது இடமில்லாமல் நசுங்கியிருக்கிறது. மெஷ்ஷைச் சோதிக்கும் செக்மெஷ் கட்டளையை ஓட்டியிருந்தால் முதல் நாளே சொல்லியிருக்கும்: செங்குத்து விலகல் (பக்கத்துப் பக்கத்துச் செல்களின் நடுவை இணைக்கும் கோடு, இடையிலுள்ள முகத்துக்குச் செங்குத்தாக இல்லாமல் சாயும் கோணம்) 70 டிகிரி தாண்டினால் எச்சரிக்கும், ஸ்கியூனஸ் (அந்தக் கோடு முகத்தின் நடுவை விட்டு விலகும் அளவு) 4ஐத் தாண்டினாலும் சொல்லும். 70ஐ ஒட்டி இருந்தால் செங்குத்து விலகலுக்கான திருத்தச் சுற்றை ஒன்றிரண்டு கூட்டிச் சமாளிக்கலாம். 85 என்றால் மெஷ்ஷைத் திரும்பப் போடுவதைத் தவிர வழியில்லை.

இந்த இடத்தில்தான் யாராவது வந்து "ஸ்கீமை முதல் நிலை அப்விண்டுக்கு மாத்து, ஓடிடும்" என்பார்கள். ஓடிவிடும்தான். ஆனால் ஓட்டம் வரும் பக்கத்துச் செல்லின் மதிப்பை அப்படியே எடுத்துக்கொள்ளும் இந்த அப்விண்ட் தன் கையிலிருந்து ஒரு பொய்ப் பிசுக்குமையைச் சேர்க்கும், தோராயமாக வேகம் பெருக்கல் செல் அளவு, அதில் பாதி. 2 சென்டிமீட்டர் செல்லுக்கு 0.4 × 0.02 / 2 = 0.004. தண்ணீரின் பிசுக்குமையைப் போல 5,000 மடங்கு, கிட்டத்தட்டத் தேன். உங்கள் ரன் உடையாமல் இருப்பதற்குக் காரணம் தாமிரபரணியில் தேன் ஓடுவதுதான். முதல் நூறு ஸ்டெப்பை அப்விண்டில் தள்ளிவிட்டு இரண்டாம் நிலைக்கு மாறுவதில் தப்பில்லை, அதிலேயே முடித்து ரிப்போர்ட் எழுதுவதுதான் தப்பு.

உடையவில்லை, ஆனால் எதுவுமே நகரவில்லை

யூனிட். வேறு எதையும் யோசிக்காதீர்கள். வரைபடம் மில்லிமீட்டரில் இருக்கிறது, சால்வர் மீட்டர் என்று நினைக்கிறது, உங்கள் தூண் இப்போது 300 மீட்டர் அகலம். ஒரு நிமிஷம் ஓட்டினால் தண்ணீர் 24 மீட்டர்தான் நகர்ந்திருக்கும், தூணின் ஒரு ஓரத்தைக்கூடத் தாண்டியிருக்காது. மெஷ்ஷின் எல்லைப் பெட்டி எவ்வளவு என்று செக்மெஷ் முதல் பக்கத்திலேயே அச்சடிக்கும். பாருங்கள்.

ரெசிடுவல் இறங்கி இறங்கி ஓரிடத்தில் நின்று ஆடுகிறது

ரெசிடுவல் என்பது ஒவ்வொரு சுற்றிலும் சமன்பாட்டில் மிச்சம் நிற்கும் பிழை. நிலையான ஓட்டத்துக்கான சிம்பிள் சால்வரைப் போட்டிருப்பீர்கள். பட்டாங்கரும் ஸ்பால்டிங்கும் 1972இல் கொடுத்த அந்த முறை, நேரத்தோடு மாறாத ஒரு விடை இருக்கிறது என்று நம்பித் தேடுகிறது. தூணுக்குப் பின்னால் சுழி இடதும் வலதுமாக மாறி மாறிக் கழன்றுகொண்டே இருக்கிறது, அப்புறம் எங்கே நிலையான விடை? ரெசிடுவல் ஆடுவது சால்வர் உங்களுக்குச் சொல்லும் சேதி. நேரம் சார்ந்த சால்வருக்கு மாறுங்கள்.

தூண் கீண் எதுவும் இல்லாத நேரான கால்வாயிலும் இப்படி ஆடினால் மட்டும் ரிலாக்சேஷனைப் பாருங்கள். அழுத்தத்துக்கு 0.3, வேகத்துக்கு 0.7 என்பது பழைய பாதுகாப்பான ஜோடி.

பவுண்டிங் எப்சிலான், பவுண்டிங் கே என்று லாக் முழுக்க வருகிறது

கே என்பது கொந்தளிப்பின் ஆற்றல், எப்சிலான் அது கரையும் வேகம்; இவை எதிர்மறையாகப் போனால் சால்வர் இழுத்துப் பிடிப்பதுதான் பவுண்டிங். முதல் பத்து இருபது ஸ்டெப்புக்கு வந்து நின்றுவிட்டால் விட்டுவிடுங்கள். நிற்காமல் வந்தால், ஒன்று மெஷ், இல்லாவிட்டால் நுழைவாயில் மதிப்பு. கே 0.375, எப்சிலான் 14.855 என்று உங்கள் ஃபைலில் இருந்தால் எனக்குச் சிரிப்பு வரும், அது ஓப்பன்ஃபோமோடு வரும் பிட்ஸ்டெய்லி பயிற்சிக் கேஸின் எண்கள். அங்கே ஓட்டம் நொடிக்கு 10 மீட்டர், 5 சதவீதக் கொந்தளிப்பு, அதற்குச் சரி. நம் ஆற்றில் கே 0.375 என்றால் வேகத்தின் ஏற்ற இறக்கம் மட்டுமே நொடிக்கு 0.5 மீட்டர். ஓட்டமே 0.4தான்! குதிரைக்குக் குர்ரம்னா ஆனைக்கு அர்ரம் என்கிற கதையாக இருக்கிறது.

நீங்களே போட்டுக்கொள்ளுங்கள். கே என்பது 1.5 பெருக்கல் (0.4 × 0.05)இன் வர்க்கம், 0.0006 வரும். எப்சிலானுக்கு 0.09இன் 0.75 அடுக்கு, அதாவது 0.164, அதைக் கே-இன் 1.5 அடுக்கால் பெருக்கி, நீள அளவால் வகுக்க வேண்டும். நீளத்துக்குத் தூண் அகலத்தில் 7 சதவீதம், 0.021 மீட்டர் எடுத்தால் 0.000115 கிடைக்கும். இந்த இரண்டையும் எழுதிவிட்டு ரன்னைப் போட்டால் பாதிப் பேருக்கு லாக் அமைதியாகிவிடும்.

தூணுக்குப் பின்னால் சுழியே வரவில்லை

இதற்குத்தான் நான் இவ்வளவு எழுத உட்கார்ந்தேன், ஏனென்றால் இதில் எந்த எச்சரிக்கையும் வராது. ரெசிடுவல் வழுவழுவென்று இறங்கும், படம் அழகாக இருக்கும், தூணுக்குப் பின்னால் இரண்டு சமமான சோம்பேறிச் சுழிகள் ஒட்டிக்கொண்டு அசையாமல் கிடக்கும். ஆற்றங்கரையில் வளர்ந்த எவரும் அதைப் பார்த்த உடனே சொல்லிவிடுவார்கள், இது தண்ணீர் இல்லை என்று.

காரணம், கொந்தளிப்பை அந்தக் கே, எப்சிலான் இரண்டால் மட்டும் கணிக்கும் சாதாரண கே-எப்சிலான் மாடல். 1974இல் லாண்டரும் ஸ்பால்டிங்கும் எழுதிய வடிவத்தில்தான் இன்றைக்கும் 0.09, 1.44, 1.92 என்ற எண்களோடு ஓடிக்கொண்டிருக்கிறது. குழாய், கால்வாய் என்றால் தங்கமான மாடல். ஆனால் தண்ணீர் நேராக வந்து தூணின் முகத்தில் முட்டி நிற்கும் இடத்தில் அது ஏமாந்துவிடுகிறது. அங்கே ஓட்டம் நசுங்கி இரண்டு பக்கமும் பிரிகிறது, சுழல்வதில்லை. மாடலோ அந்த நசுங்கலை முழுக்கக் கொந்தளிப்பு உற்பத்தி என்று கணக்கில் எழுதிக்கொள்ளும். முன்முகத்தில் இல்லாத கே மலைபோல் குவிகிறது, அது பக்கவாட்டில் வழிந்து பின்னால் போகிறது, கொந்தளிப்புப் பிசுக்குமை ஏறிச் சுழிகளை அமுக்கிவிடுகிறது. கே-இன் படத்தைத் திறந்து தூணின் முன்பக்கம் சிவப்பாக இருக்கிறதா பாருங்கள். இருந்தால் நோய் இதுதான்.

மருந்து இரண்டு. 1993இல் காட்டோவும் லாண்டரும் சொன்ன திருத்தம்: உற்பத்திக் கணக்கில் உருக்குலைவின் வர்க்கத்துக்குப் பதில், உருக்குலைவு பெருக்கல் சுழற்சி என்று போடுவது. முன்முகத்தில் சுழற்சி இல்லை என்பதால் உற்பத்தியும் தானாக அடங்கிவிடும். அதைக் கையால் எழுதச் சோம்பலாக இருந்தால் மென்டர் 1994இல் கொடுத்த எஸ்எஸ்டி என்ற இன்னொரு கொந்தளிப்பு மாடலுக்கு மாறுங்கள், உற்பத்திக்கு ஓர் உச்சவரம்பு அதிலேயே உண்டு. நான் எப்போதும் இரண்டாவதைத்தான் செய்கிறேன்.

மாறிய பிறகும் வரவில்லை என்றால் பொறுமை போதவில்லை என்று அர்த்தம். மெஷ் அச்சாகச் சமச்சீராக இருந்தால் சுழி கழல ஆரம்பிக்க நேரமாகும். உள்ளே வந்த தண்ணீர் பெட்டியைக் கடக்கவே 26 நொடி ஆகிறது (தூணுக்கு முன்னால் 3 மீட்டர், பின்னால் ஏழரை மீட்டர் விட்டிருக்கிறேன்). முதல் ஒரு நிமிஷத்தைத் தூக்கிப்போட்டுவிட்டு அடுத்த இரண்டு மூன்று நிமிஷத்து ஓட்டத்தைத்தான் நம்ப வேண்டும். பெட்டியின் அகலமும் 6 மீட்டராவது வேண்டும், தூண் அதில் 5 சதவீதத்துக்கு மேல் அடைத்தால் பக்கச் சுவர்கள் நெருக்கி வேகத்தை ஏற்றிவிடும்.

சிலர் ஒரு படி மேலே போய் இருபரிமாண மெஷ்ஷில் எல்இஎஸ் (பெரிய சுழிகளை நேராகக் கணக்கிட்டு, சின்னதை மட்டும் மாடலுக்கு விடும் முறை) போடுகிறார்கள். ஸ்மகோரின்ஸ்கி 1963இல் எழுதிய மாடலின் பின்னணியே பெரிய சுழி இழுபட்டு, மெலிந்து, சின்னச் சுழியாக உடைகிறது என்பது. மூன்றாவது திசை இல்லாமல் சுழி எந்தப் பக்கம் இழுபடும்? படம் கோலம் போட்ட மாதிரி அழகாக வரும், உபயோகம் இல்லை.

அழுத்தமும் விசையும் ஆயிரம் மடங்கு குறைவாக இருக்கிறது

ஓப்பன்ஃபோமின் அடர்த்தி மாறாத சால்வர்களில் அழுத்தம் அடர்த்தியால் வகுத்தே வரும். தூண் முகத்தில் 0.08 என்று காட்டினால் அது 80 பாஸ்கல். விசை கணக்கிடும் பகுதியில் அடர்த்தியை 1000 என்று கொடுங்கள், 1 என்று கிடக்கும். சதுரத் தூணுக்கு இழுவை எண் (இழுவை விசையை அந்த 80 பாஸ்கலாலும் தண்ணீர் மோதும் பரப்பாலும் வகுத்தது) 2.1ஐ ஒட்டி வரும், அப்படியானால் தண்ணீருக்குள் இருக்கும் ஒவ்வொரு மீட்டர் உயரத்துக்கும் 50 நியூட்டன், அஞ்சு கிலோ அரிசிப் பையின் எடை. ஆற்றில் இடுப்பளவில் நின்றவர்களுக்கு அந்தத் தள்ளு தெரியும்.

சுவர் உராய்வு மெஷ்ஷுக்கு மெஷ் மாறுகிறது

ஒய் பிளஸ்ஸை (முதல் செல்லின் நடுப்புள்ளி சுவரிலிருந்து இருக்கும் தூரம், உராய்வு வேகத்தால் பெருக்கிப் பிசுக்குமையால் வகுத்தது) அச்சடித்துப் பாருங்கள். சுவர் ஓரத்து ஓட்டத்தைக் கணக்கிடாமல் தோராயமாகப் போடும் சுவர்ச் சூத்திரம் போட்டிருந்தால் 30க்கு மேல், போடாவிட்டால் 1ஐ ஒட்டி. 5க்கும் 30க்கும் நடுவில் மாட்டிக்கொண்டால் எந்தச் சூத்திரமும் சரியாக ஒட்டாது. நம் தூணுக்கு உராய்வு வேகம் நொடிக்கு 0.02 மீட்டர் என்று வைத்தால், 30க்கு முதல் செல்லின் நடுப்புள்ளி சுவரிலிருந்து 1.2 மில்லிமீட்டரில் வர வேண்டும், அதனால்தான் மேலே அடுக்கு 2.4 என்றேன். 1 வேண்டுமென்றால் 0.04 மில்லிமீட்டர், தலைமுடியைவிட மெலிசு. டைம் ஸ்டெப் என்ன ஆகும் என்று யோசித்துவிட்டு முடிவு பண்ணுங்கள். சுழி கழலும் இடத்தில் ஒய் பிளஸ் நொடிக்கு நொடி ஏறி இறங்கும், அதை முழுக்கத் திருத்த முடியாது.

வெள்ளம் வைத்தேன், டைம் ஸ்டெப் சுருங்கிக்கொண்டே போகிறது

2023 டிசம்பர் 17, 18 வெள்ளத்துக்குப் பிறகு தண்ணீர் மட்டத்தோடு சேர்த்துப் போட வேண்டும் என்று கேட்டு வருகிறவர்கள் கூடிவிட்டார்கள். விஓஎஃப் முறை, 1981இல் ஹர்ட்டும் நிக்கல்சும் கொடுத்தது: ஒவ்வொரு செல்லிலும் தண்ணீர் எவ்வளவு பங்கு என்று ஒரு எண். இதில் டைம் ஸ்டெப் 0.00001க்குப் போய்விட்டால் எல்லாரும் தண்ணீருக்குள் தேடுகிறார்கள். தேட வேண்டியது மேலே, காற்றில். காற்று தண்ணீரைவிட 800 மடங்குக்கு மேல் லேசு, எல்லைச் செல்லில் அழுத்தக் கணக்கு கொஞ்சம் பிசகினாலும் காற்று புயலாகப் பறக்கும், கூரான்ட் எண்ணைத் தூக்குவது அதுதான். வேகம் அதிகமான செல் மேல் எல்லையை ஒட்டி இருந்தால், அந்த எல்லையைக் காற்று வந்து போகிற மாதிரி மொத்த அழுத்த எல்லையாக மாற்றுங்கள். நுழைவாயிலில் தண்ணீருக்கு மட்டும் வேகம் கொடுங்கள், காற்றுக்கும் சேர்த்துக் கொடுத்துவிட்டுத் திண்டாடுகிறவர்கள் நிறைய.

வெளிவாயிலில் சுழி அப்படியே பின்பக்கமாக உள்ளே இழுத்து வெடித்தால், திரும்பி வரும் தண்ணீருக்கு என்ன மதிப்பு என்று நீங்கள் சொல்லவில்லை. இன்லெட்-அவுட்லெட் வகை எல்லை போடுங்கள், வாயிலை இன்னும் தள்ளி வையுங்கள்.

மத்தியானம் ஆனால் ரன் மெதுவாகிறது

சித்திரை வெயிலில் ஏசி இல்லாத அறையில் சிபியு தன்னைத் தானே மெதுவாக்கிக்கொள்ளும். ஃபேனைத் திருப்பி வையுங்கள். எட்டு கோர் போட்டும் நாலு கோர் வேகம்தான் என்றால் மெமரி வேகம் போதவில்லை, சால்வருக்குக் கணக்கைவிட எண்களை அள்ளி வருவதுதான் பெரிய வேலை. கரண்ட் போய்ப் போய் வரும் தெருவில் இருந்தால் அரை மணிக்கு ஒருமுறை எழுதவும், மறுபடி கடைசி நேரத்திலிருந்து ஆரம்பிக்கவும் செட் பண்ணிவிடுங்கள், பழைய ஃபைல்களைத் தானே அழிக்கும் வசதியும் இருக்கிறது.

எல்லாம் ஓடியது, சுழி வரும் நேரம் மட்டும் பாதியாக இருக்கிறது

அந்த அப்பளத் தம்பி கடைசியில் வந்து நின்ற இடம் இது. சதுரத் தூணுக்கு ஸ்ட்ரௌஹால் எண் (சுழி கழலும் வேகத்தைச் சொல்லும் எண்) 0.13 சுமார், அதை 0.4ஆல் பெருக்கி 0.3ஆல் வகுத்தால் நொடிக்கு 0.17 சுற்று, அதாவது ஒரு சுற்றுக்கு ஆறு நொடிக்குக் கொஞ்சம் குறைவு. அவருக்கு மூன்று நொடி வருகிறது. மெஷ்ஷை மாற்றினார், மாடலை மாற்றினார், மூன்றுதான். "அண்ணாச்சி, புத்தகம் தப்பா இருக்குமோ?"

ஏலே, கம்ப்யூட்டரை மூடு என்று சாயங்காலம் படித்துறைக்குக் கூட்டிப் போனேன். மண்டபத் தூண் ஒன்று தண்ணீருக்குள் நின்றது. முதலில் ஒரு வாழைச்சருகை விட்டு, படித்துறை ஓரத்தில் பத்தடி தூரத்தை எவ்வளவு நேரத்தில் கடக்கிறது என்று போனில் பார்த்தோம், ஏழெட்டு நொடி, சரி, நம் 0.4க்குப் பக்கம்தான். அப்புறம் தூணுக்குப் பின்னால் கழன்று போகும் சுழிகளை எண்ணச் சொன்னேன். நுரையும் சருகும் சேர்ந்து வருவதால் கண்ணுக்குத் தெரியும். அவர் இடது பக்கம் ஒன்று, வலது பக்கம் ஒன்று, ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணிக்கொண்டே போய் நிமிஷத்துக்கு இருபது என்றார். "பாத்தீங்களா, மூணு நொடிதான்!"

"இடது பக்கத்தை மட்டும் எண்ணு."

எண்ணினார். பத்து. கொஞ்ச நேரம் பேசாமல் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு முழுச் சுற்றில் இரண்டு சுழி கழலும், ஒவ்வொன்றும் தூணைப் பின்னால் ஒருமுறை இழுக்கும், அதனால் இழுவை விசை சுற்றுக்கு இரண்டு தடவை ஏறி இறங்கும், பக்கவாட்டு விசை ஒரு தடவைதான். அவர் எஃப்எஃப்டி (ஏற்ற இறக்கம் எத்தனை நொடிக்கு ஒருமுறை என்று பிரித்துக் காட்டும் கணக்கு) போட்டது இழுவை விசைக்கு. பக்கவாட்டு விசைக்குப் போட்டுப் பார்க்கிறேன் என்று சருகு ஒட்டின செருப்போடு அப்படியே பைக்கை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்.